வடிகட்டிய தீர்த்தம்

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். ரிட்டையர் ஆனவன் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் கேட்டிருக்கிறார்கள், பாவம். ரத்தம் எப்படி எடுப்பது, கிருமியை எப்படி வளர்ப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நாங்கள் அன்று செய்ததில் பாதியை நீங்கள் இன்று செய்தால் சாயங்காலத்துக்குள் வேலை போய்விடும். என் சர்வீஸில் சரியாகக் கொடுத்த ரிப்போர்ட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. தப்பாகக் கொடுத்த ஒன்று மட்டும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது கட்டடமே இல்லை. முப்பது படுக்கை, ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், லேபுக்கு நான். என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் ஒரு வருஷம் லேப் பயிற்சி. அவ்வளவுதான். இன்குபேட்டருக்கு மேலே முருகன் படம் மாட்டியிருந்தேன். காலையில் விபூதி பூசிக்கொண்டு அவன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றுவேன். ஸ்பிரிட் இருக்கிற அறை என்பதால் கற்பூரம் மட்டும் ஏற்றுவதில்லை. அந்த அளவுக்கு நமக்கு விஞ்ஞானம் தெரியும் என்று எனக்குள் ஒரு பெருமை. ஆஸ்பத்திரியில் என்னை ‘லேப்பு சாமி’ என்பார்கள். கேலிதான். ஆனால் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. உங்கள் லேபிலும் செய்வீர்கள். கத்தரிக்கோல் முதல் மைக்ராஸ்கோப் வரை சந்தனம், குங்குமம், பொரி, கடலை. அந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாங்கள் பரம்பரையாகப் போகிற முருகன் மலைக்கோயில் ஒன்று உண்டு. அதன் குளத்துத் தீர்த்தம் தீராத வியாதியைத் தீர்க்கும் என்று நம்பிக்கை. அதை ஒரு சொம்பில் கொண்டுவந்து கருவிகள் மேல் தெளித்தால் என்ன?

தெளிக்கலாம். ஆனால் நான் லேப்காரன் இல்லையா? குளத்துத் தண்ணீரில் ஆயிரம் கிருமி இருக்கும் என்று தெரியும். அதைக் கொண்டுவந்து சுத்தமான சாமான்கள் மேல் தெளிக்க நான் என்ன முட்டாளா? சீரம் வடிகட்டுவதற்கு எங்களிடம் பீங்கான் வடிகட்டி ஒன்று இருந்தது. அதில் எந்தக் கிருமியும் நுழைய முடியாது. தீர்த்தத்தை அதில் ஊற்றி, பம்ப்பைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக இறக்கினேன். அதோடு விட்டேனா? வடிகட்டியதில் ஒரு துளியைக் கிருமி வளர்க்கிற தட்டில் தடவி, இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. பக்தியும் விஞ்ஞானமும் கைகோத்துக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

பூஜையன்று அதை எல்லாவற்றின் மேலும் தெளித்தேன். மனசு கேட்கவில்லை. கிருமிகளைக் கரைப்பதற்காகக் காய்ச்சி ஆற வைத்திருந்த உப்புநீர் பாட்டில் ஒன்று பெரிதாக நின்றது. லேபில் எந்த வேலைக்கும் அதுதான் ஆதாரம். அதன் மூடியைத் திறந்து, குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையால் ஓர் அளவு தீர்த்தத்தை உள்ளே விட்டேன். இனி இந்த லேபிலிருந்து போகிற எல்லா ரிப்போர்ட்டிலும் அவன் அருள் இருக்கட்டும் என்று.

வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாங்க, சாமி தண்ணியவே வடிகட்டினீங்களா?”

“கிருமி இருக்கும்டி.”

“கிருமி இருக்குதுன்னு நம்புனா ஊத்தாதீங்க. சாமி இருக்காருன்னு நம்புனா வடிகட்டாதீங்க. இது இன்னா ரெண்டுங்கெட்டான் வேலை?”

அவள் ஐந்தாம் வகுப்பு. நான் சிரித்துவிட்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

பவுனு வந்தது அதற்கு அடுத்த வாரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். மீன் கூடையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து ரோட்டோர ஊர்களில் விற்கிறவள். கூடைக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரை அவள் கேட்ட கேள்வியில் அவர் ரூட்டையே மாற்றிக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அன்றைக்கு அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தவன் அவள் புருஷன் ஏகாம்பரம், கட்டுமரக்காரன். பத்து நாளாகக் காய்ச்சல். வாய் பேசவில்லையாம், கண் திறக்கவில்லையாம்.

டாக்டரம்மா பார்த்தவுடனே டைபாய்டு என்று சொல்லிவிட்டார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மெட்ராஸிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் டைபாய்டு என்றால் குளோரம்பெனிகால்தான். கொடுத்தால் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஜுரம் இறங்கிவிடும். ஆனால் அந்தச் சமயத்தில்தான், அந்த மருந்துக்கு மசியாத டைபாய்டு சில ஊர்களில் வருகிறது என்று டாக்டர்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். அதனால் மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, ரத்தத்தை எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: ‘எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்லவும். அவசரம்.’

கிருமி வளர்ந்தது. டைபாய்டு கிருமிதான். அதை உப்புநீரில் கரைத்து, தட்டு முழுக்கப் பரவ விட்டு, மேலே மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வட்டமாக வெளுத்திருக்கும். கேட்காவிட்டால் வில்லையை ஒட்டிக்கொண்டே புல் மாதிரி வளர்ந்திருக்கும்.

நாலாம் நாள் காலையில் தட்டை எடுத்தேன். அடேயப்பா! குளோரம்பெனிகால் வில்லையைச் சுற்றிப் பளிச்சென்று வெளுத்திருந்தது. மற்ற வில்லைகளைச் சுற்றியும் வெளுப்புதான். வில்லையே இல்லாத இடத்திலும் செல்லரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மருந்தின் வேகம் அங்கே வரைக்கும் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். முருகன் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுதினேன்: ‘குளோரம்பெனிகால் நன்றாகக் கேட்கிறது.’ கீழே என் கையெழுத்து. சீட்டு வழக்கம்போல டிரேயில் வார்டுக்குப் போனது. நான் அடுத்த சாம்பிளை எடுத்தேன்.

டாக்டரம்மா என் சீட்டை நம்பி அதே மருந்தைத் தொடர்ந்தார். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் லேப் கதவு தள்ளிக்கொண்டு திறந்தது.

“நாலாம் நம்பர் கட்டிலுக்கு ரிப்போர்ட் கொடுத்தது நீங்கதானே?”

“ஆமா டாக்டர்.”

“நல்லா கேக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணுக்கு நூத்தி நாலு அடிக்குது. வயிறு உப்பிக்கிட்டு வருது. குடல் ஓட்டையாச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. கேக்கிற மருந்தாயிருந்தா ஏன் கேக்கல?”

எனக்குச் சுருக்கென்றது. “மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாங்களோ என்னமோ. என் தட்டு பொய் சொல்லாது டாக்டர்.”

அந்த வாக்கியத்தை இன்று எழுதும்போதும் காது சுடுகிறது.

“அந்தத் தட்டை எடுங்க” என்றார்.

ஐஸ் பெட்டியில் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். வெளியே மூன்று நாளாக ஐப்பசி மழை. ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது என்ன வில்லை?”

“பென்சிலின்.”

“டைபாய்டு கிருமி பென்சிலினுக்கு எப்போங்க செத்துது?”

அவர் விரல் தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது.

“இங்க வில்லையே இல்ல. இங்க ஏன் செத்திருக்கு? எல்லா மருந்தும் கேக்குதுன்னு தட்டு சொன்னா, தட்டு எதையும் சொல்லலைன்னு அர்த்தம். மருந்துக்கு முன்னாடியே வேற ஏதோ இதைத் தின்னிருக்கு.” என் பக்கம் திரும்பினார். “கிருமியை எதுல கரைச்சீங்க?”

“உப்புநீர்ல.”

“உப்புநீர்ல என்ன இருக்கு?”

தம்பிகளே, தங்கைகளே, என் முப்பது வருஷ சர்வீஸில் நான் தேறியதாக ஏதாவது ஒரு நிமிஷம் உண்டென்றால் அதுதான். உப்பு, தண்ணீர் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. அவர் வேறு எதையாவது தேடிக்கொண்டு போயிருப்பார். என் நெற்றியில் விபூதி இருந்தது. மேலே முருகன் இருந்தான். அதைவிட, அந்த நூற்று நாலு என் காதில் இருந்தது.

“தீர்த்தம்” என்றேன்.

“என்னது?”

“ஆயுத பூஜைக்கு... குளத்துத் தீர்த்தம், ஒரு பாலாடை. வடிகட்டித்தான் டாக்டர் ஊத்தினேன். வளர்த்துகூடப் பார்த்தேன், ஒரு கிருமிகூட இல்ல.”

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சொன்னதெல்லாம் வேலைதான். புது உப்புநீர் காய்ச்சி ஒரு தட்டு, அந்தப் பழைய பாட்டிலில் ஒரு தட்டு, இரண்டையும் இப்போதே போடச் சொன்னார். அதன் முடிவுக்குக் காத்திராமல் ஆம்பிசிலின் ஊசிக்கு மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். எங்கள் அலமாரியில் அது இல்லை. கம்பவுண்டர் அப்போதே மழையில் பஸ் ஏறினார்.

கதவருகே போனவர் திரும்பினார். “அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கிழிச்சுடாதீங்க. ஒரு கோடு போட்டு அடிங்க, எழுத்து தெரியணும். கீழ உங்க கையாலயே எழுதுங்க, இது தப்புன்னு. ஏன் தப்புன்னும் எழுதுங்க.”

எழுதினேன். ‘உப்புநீரில் தீர்த்தம் கலந்ததால்’ என்று ஒரு கேஸ் ஷீட்டில் எழுதிய ஒரே ஆள் இந்த தேசத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். புது உப்புநீர்த் தட்டில் குளோரம்பெனிகால் வில்லையை ஒட்டிக்கொண்டு கிருமி கொழுத்து வளர்ந்திருந்தது. அந்த வில்லை ஏதோ அலங்காரத்துக்கு வைத்த மாதிரி இருந்தது. ஆம்பிசிலினைச் சுற்றி மட்டும் வெளுப்பு. பழைய பாட்டில் தட்டில் அதே செல்லரிப்பு.

டாக்டரம்மா அப்போதுதான் விளக்கினார். கிருமிக்கும் ஒரு கிருமி உண்டாம். வைரஸ் ஜாதி. நம்மை ஒன்றும் செய்யாது. அதற்கு இரை பாக்டீரியாதான். அதன் உள்ளே புகுந்து, பெருகி, வெடித்துக்கொண்டு வெளியே வரும். பீங்கான் வடிகட்டியில் பாக்டீரியா நிற்கும், இது நிற்காது, அவ்வளவு சின்னது. இரையில்லாத வெறும் தட்டில் எதுவும் வளராது. அதனால்தான் என் சோதனையில் கண்ணாடி மாதிரி இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், குளத்திலிருந்த மற்ற எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, என் ரிப்போர்ட்டைக் கெடுக்கக்கூடிய ஒன்றை மட்டும் பத்திரமாக வடித்து எடுத்து நானே கொண்டுவந்து ஊற்றியிருக்கிறேன்.

வெட்கப்பட வேண்டிய நேரம். எனக்கோ உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது.

“டாக்டர், மருந்துக்கே சாகாத கிருமி. அது என் தீர்த்தத்துக்குச் சாகுதே!”

“சாகுது.”

“அப்போ அந்தக் குளத்து மகிமை உண்மைதானே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. கொஞ்சம் இரக்கம்தான் இருந்தது. “அந்த வைரஸ் அந்தக் குளத்துல ஏங்க இருக்கு? அதுக்கு அங்க சாப்பாடு இருக்கு. டைபாய்டு கிருமி அந்தத் தண்ணியில இல்லன்னா இதுவும் இருக்காது.”

நாலு தலைமுறையாகக் குடித்த குளம். அதற்குள் அவருக்குப் பிரசவ அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது, போய்விட்டார்.

இனிதான் முக்கியமானது. மணி பத்து இருக்கும். கம்பவுண்டர் வரவில்லை. மழையில் ஏதோ ஏரி உடைந்து ரோடு அறுத்துக்கொண்டது, பஸ் இல்லை என்று செய்தி. நான் தனியாக இருந்தேன். ஏகாம்பரம் கதவில் வந்து நின்றான். நனைந்து, தாடியோடு, மூன்று நாள் சாப்பிடாதவன் மாதிரி. ஆஸ்பத்திரியில் எந்த ரகசியமும் நிற்காது. எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருந்தது.

“சாமி, உன்னாண்ட ஒரு தண்ணி கீதாமே. அந்தப் பூச்சிய கொல்லுதாமே. மெய்தானா?”

“தட்டுல கொல்லுது ஏகாம்பரம்.”

“அத்த குடு.”

“அது மருந்தில்லப்பா.”

“மருந்துதான் ஏழு நாளா குடுத்தாங்களே, இன்னா கிழிச்சுது? சாமி தண்ணி, அதுவும் கொல்லுதுன்னு கண்ணால பாத்துக்கீற. அவளுக்கு வாயில ரெண்டு சொட்டு வுட்டா இன்னா கொறைஞ்சிடும் உனுக்கு?”

பாட்டில் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. பக்தனாக எனக்கும் அதே எண்ணம் காலையிலிருந்து வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அவன் என் மனசை எனக்கே படித்துக் காட்டினான். டாக்டரம்மா இல்லை. ஊசி மருந்து வருமா தெரியாது. சாகிற ஒருத்திக்குத் தீர்த்தம் கொடுத்தால் என்னை யார் குற்றம் சொல்லப் போகிறார்கள்?

முதலில் ரிப்போர்ட் எழுதிய தட்டை எடுத்து மறுபடி வெளிச்சத்தில் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது, கொஞ்ச நேரம் தள்ளிப்போடுவதற்காக இருக்கலாம். அப்போதுதான் பார்த்தேன். நன்றாக வெளுத்திருந்த இடங்களின் நடுவிலே குண்டூசி முனை மாதிரி சில புள்ளிகள். கிருமிதான். மருந்துக்கும் சாகாமல், தீர்த்தத்துக்கும் சாகாமல் பிழைத்தவை. முதல் தடவை பார்த்தபோதும் அவை அங்கேதான் இருந்திருக்கும். வெளுப்பைப் பார்க்க ஆசைப்பட்டேன், வெளுப்பு தெரிந்தது.

“இங்க வா, பாரு” என்று ஏகாம்பரத்திடம் காட்டினேன். “இந்தப் புள்ளி தெரியுதா? இதெல்லாம் இந்தத் தண்ணிக்கும் தப்பிச்சது. தட்டுலயே தப்பிச்சுது. வயித்துக்குள்ள என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை உன் பொண்டாட்டிக்குக் கொடுக்க மாட்டேன்.”

“எப்பவுமே தெரிஞ்சிதான் குடுக்கிறியா நீ?”

அவனுக்கு என் முதல் ரிப்போர்ட் விஷயம் தெரியாது. வாய்க்கு வந்ததைக் கேட்டான். ஆனால் நேரே வந்து குத்தியது.

“இல்ல. அதனாலதான் இப்போ கொடுக்கல.”

“நெத்தியில பட்டை போட்டுக்கீற. சாமி தண்ணிய கையில வச்சிகினு ஒரு உசுருக்குக் குடுக்க மாட்டேன்ற. நீயெல்லாம் இன்னா சாமி?”

துப்பாத குறையாகப் போய்விட்டான். நான் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்து, நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். அவனிடமிருந்து பாதுகாக்கத்தான் என்று நர்ஸ் நினைத்திருப்பார்.

கம்பவுண்டர் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். அறுந்த ரோட்டை நடந்தே கடந்து, ஒரு செங்கல் லாரியில் ஏறி, மருந்துப் பெட்டியை சட்டைக்குள் வைத்து வேட்டியால் சுற்றிக்கொண்டு. டாக்டரம்மா நின்ற நிலையில் ஊசியை ஏற்றினார்.

மூன்றாம் நாள் ஜுரம் நூறுக்கு இறங்கியது. ஐந்தாம் நாள் பவுனு கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். அடுத்த நாள் அந்தக் கஞ்சி ஆறிப்போயிருக்கிறது என்று வார்டு ஆயாவை அவள் வைத வசவு லேப் வரை கேட்டது. அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு நிச்சயமானது அப்போதுதான்.

நடுவில் டாக்டரம்மா குளத்தைப் பற்றி சுகாதார இலாகாவுக்கு எழுதினார். பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு இன்ஸ்பெக்டர் வந்தார், இடம் காட்ட ஆள் வேண்டும் என்றார். நான் போனேன். எந்தப் படியில் நின்று சொம்பில் தீர்த்தம் எடுத்தேனோ, அதே படியில் நின்று பவுடரைக் கொட்டினேன். குருக்கள் என்னைப் பார்த்து, “நீயா?” என்று மட்டும் கேட்டார். கோயிலுக்குள் போய் ஒரு கும்பிடு போட்டேன். உன் வீட்டை நாங்கள் அசிங்கப்படுத்தினோம், நாங்களே கழுவுகிறோம், கோபித்துக்கொள்ளாதே என்று. அவன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா பவுனுவை விசாரித்ததில், காய்ச்சலுக்கு முன்னால் பிள்ளைக்கு மொட்டை போட அதே கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே குடித்ததுதானா, வேறெங்காவதா, யாரால் சொல்ல முடியும்?

இதெல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து வேறொன்று. ஏகாம்பரம் குப்பம் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தான். எப்படி? லேப்பு சாமி வெளியே மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் தீர்த்தத்தை ஊசியில் ஏற்றிப் போட்டுவிட்டார், அதில்தான் பவுனு பிழைத்தாள் என்று. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் காலி பாட்டிலோடு நின்றார்கள். “வடிகட்டின தண்ணி குடு சாமி.” இல்லை என்றால் சிரிக்கிறார்கள். “சரி சரி, வெளிய சொல்ல மாட்டோம்.” நான் செய்த தப்பு வெளியே யாருக்கும் தெரியாது. செய்யாத அற்புதத்துக்கு எனக்குக் கும்பிடு.

இப்போது அந்த வைரஸையே மருந்தாக்க முடியுமா என்று பெரிய பெரிய இடங்களில் முயற்சி நடக்கிறது என்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிக்கு அதற்கேற்ற வைரஸைத் தேடிப் பிடித்து, சுத்தப்படுத்தி, அளந்து கொடுக்கிறார்களாம். நல்ல விஷயம். உங்கள் காலத்தில் அது நம் ஊர் வார்டுக்கும் வரட்டும். அப்போதும் வெளுப்பின் நடுவில் புள்ளி இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருப்பீர்கள்.

பவுனு வீட்டுக்குப் போகிற நாள். பஸ்ஸுக்காக வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, முக்காடு போட்டிருந்தாள். ஏகாம்பரம் மூட்டையோடு நின்றான். என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு என்னால் லேபுக்குள் போக முடியவில்லை.

“பவுனு, ஒண்ணு சொல்லணும்மா. உனக்கு அந்த மாத்திரை கேக்கும்னு முதல்ல எழுதிக் கொடுத்தது நான்தான். அது தப்பு. என் தப்பாலதான் மூணு நாள் அந்த மாத்திரையையே கொடுத்தாங்க. உன்னைப் பிழைக்க வச்சது நான் இல்ல, டாக்டரம்மாவும் அந்த ஊசியும்தான்.”

“அட, இன்னா சாமி நீ, ஊருக்குப் போற நேரத்துல...” என்று ஏகாம்பரம் குறுக்கே வந்தான்.

“நீ சும்மா கெட” என்றாள் பவுனு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்போ மூணு நாளு நான் எரிஞ்சிகினு கெடந்தது உன் சீட்டாலயா?”

“ஆமாம்மா.”

“அந்த மூணு நாளும் என் பசங்க ரெண்டும் ஜன்னலுக்கு வெளியாண்ட மழையில நின்னுகினு இருந்துச்சிங்களாம். ஆத்தா செத்துட்டாளா, செத்துட்டாளான்னு வர்றவங்க போறவங்கள கேட்டுகினு. ஆயா சொல்லிச்சு. நீ பாத்தியா?”

“பார்க்கலம்மா.”

“வார்டாண்ட வந்தியா ஒரு தபா?”

“இல்ல.”

எனக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான், நாற்பது அடி. அவள் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்ததே அந்த வேப்பமரத்தடியில்தான்.

“உள்ளவே குந்திகினு எழுதிகினு இருந்தா இன்னா தெரியும் உனுக்கு? எழுதுன கையோட எழுந்து வா. கட்டில்ல கெடக்கிறவள பாரு. நீ எழுதுனது அவ மூஞ்சில கீதா பாரு.”

பஸ் வந்தது. ஏகாம்பரம் அவளைத் தாங்கிப் பிடிக்கப் போனான். கையைத் தட்டிவிட்டுத் தானே ஏறினாள். உள்ளே போனதும் கண்டக்டரிடம் ஏதோ சத்தம் போட ஆரம்பித்தது வாசல் வரை கேட்டது.

அன்று மத்தியானம் பதினொன்றாம் நம்பர் கட்டிலுக்கு ஒரு ரிப்போர்ட் தயாராக இருந்தது. டிரேயை எடுத்துக்கொண்டு போக ஆயா வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு நானே தாழ்வாரத்தில் நடந்தேன்.